பிடிபட்ட கை

தவராசாவின் இடது முழங்கை முறிந்த செய்தி ஏழாம் வாய்க்கால் குடியேற்றத்திலிருந்து கண்டி வீதிக்குப் போக அரை மணித்தியாலங்கூட எடுக்கவில்லை. முறித்தவள் ஒரு பெண் என்ற செய்தி அதற்கும் முன்னால் ஓடியிருந்தது. வீதியோரத் தேநீர்க் கடையில் லொறிக்குக் காத்து நின்றவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். தவராசா இரண்டு அந்தர் நெல்மூட்டையைத் தனியே தோளில் ஏற்றுகிறவன். கதிர்காமநாதன் பெண்சாதி பத்மாசனியோ காற்றுக்குச் சாய்கிற உடம்புக்காரி.

"மாடு மிதிச்சது எண்டு சொல்லியிருந்தாலும் மானம் மிஞ்சியிருக்கும்" என்றார் ஒருவர்.

கை முறிந்தவனை நாலு பேர் தாங்கிக்கொண்டு முறிவு வைத்தியரிடம் போன பிறகும் பத்மாசனி வீட்டுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை விடியலிலிருந்து மத்தியானம் வரை அவர்களுடைய தண்ணீர் முறை. அறுபத்துமூன்றாம் ஆண்டுச் சிறுபோகம் அது. இரணைமடுக் குளம் பாதிகூட இல்லாதபடியால் ஒவ்வொரு காணிக்கும் கிழமையில் அரை நாள்தான் என்று பயிர்ச்செய்கைக் குழு அளந்து விட்டிருந்தது. நெல்லோ கதிர் உறைக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் நின்றது. இரண்டு முறை தண்ணீர் தவறினால் கதிரெல்லாம் மணியில்லாச் சப்பிதான். கடைசி வரம்புவரை நனைந்ததைப் பார்த்து, மடையைப் பலகையால் அடைத்து, சேறு அணைத்து, மண்வெட்டியையும் கழுவிக்கொண்டு, கிழிந்த சட்டையைச் சேலைத் தலைப்பால் மூடியபடிதான் அவள் வந்து சேர்ந்தாள்.

கதிர்காமநாதன் மூன்று மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து வந்தான். அவனுடைய சைக்கிளின் பின்னால் கானிவேல் நோட்டீசுக் கட்டு ஒன்று இருந்தது. அடுத்த கிழமை ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காகக் கானிவேல். யாழ்ப்பாணக் கழகம் ஒன்றுடன் ஜுஜுட்சு என்ற ஜப்பானியப் பிடிச்சண்டைப் போட்டி. இந்தப் பக்கத்தில் இரண்டு பேர்: கதிர்காமநாதனும், அவனிடம் இரண்டு வருடமாகப் பழகும் தவராசாவும். நோட்டீசில் இரண்டு பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன.

சைக்கிளை வேம்பில் சாய்த்தவன் நேரே வந்து அவளுடைய கையைப் பார்த்தான். மணிக்கட்டில் நாலு விரல் தடம் கன்றிப் போயிருந்தது.

"சந்தியிலை ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கதை சொல்லுறான். நீர் சொல்லும்."

"முதல் சாப்பிடுங்கோ."

குளத்து விரால் குழம்பு. அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"காலமை ஏழு மணி இருக்கும். தண்ணியைத் திருப்பிப்போட்டு மேல் வரம்பிலை நிண்டனான். பாத்தா தண்ணி குறையுது. போய்ப் பாத்தா, தவராசா எங்கட மடையைக் கட்டிப்போட்டுத் தன்ர பக்கம் வெட்டிவிடுறார். 'தம்பி, வெள்ளி எங்கட முறையெல்லே' எண்டன். 'மாஸ்ரர் இல்லையோ அக்கா' எண்டார். 'அவர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, மடையைத் திறவும்' எண்டன். 'மாஸ்ரர் எல்லாப் பிடியும் பழக்கீட்டார், உங்களைப் பிடிக்கிறது மட்டுந்தான் மிச்சம்' எண்டு கையைப் பிடிச்சார்."

கதிர்காமநாதன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"வலக்கையாலை பிடிச்சார். நீங்கள் முந்திக் காட்டின மாதிரி அந்தக் கையை உள்ளுக்குத் திருப்பினன். முழங்காலிலை விழுந்தார். இடக்கையாலை சேத்திலை தட்டினார், விடச்சொல்லுற தட்டு. நான் விட்டிட்டன்."

"விட்டனீரோ?"

"யோசிக்கவேயில்லை. கை தன்ரபாட்டிலை விட்டுது. எழும்பிச் சிரிக்கிறார். 'தட்டினா விடுவியள் எண்டு எனக்குத் தெரியும் அக்கா' எண்டார். சொல்லிக்கொண்டே வலக்கையாலை கொண்டையைப் பிடிச்சு வாய்க்காலுக்கை இழுத்தார். மற்றக் கை சட்டையைக் கிழிச்சுது. அந்தக் கையைத்தான் நான் பிடிச்சன். நெஞ்சோடை அணைச்சு முழங்கையை மறிச்சன். கொண்டையை விட்டிட்டு வலக்கையாலை என்ர தொடையிலை தட்டினார். தட்டினார், தட்டினார். நான் விடேல்லை."

குழம்புச் சட்டியை மூடிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தட்டிக்கொண்டிருக்கேக்கைதான் முறிச்சனான். தவறி முறிஞ்சுதெண்டு நினையாதேங்கோ."

கதிர்காமநாதன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.  பிறகு, "தட்டினவனை முறிக்கிறது..." என்று தொடங்கினான். வசனத்தை முடிக்காமல் எழுந்து கை கழுவப் போனான்.

அந்த முடியாத வசனம் மற்றெல்லாவற்றையும்விட அவளுக்கு உறைத்தது.

*

கதிர்காமநாதன் கொழும்பில் ஏழு வருடம் பொலிஸ்காரனாக இருந்தவன். ஜுஜுட்சுவை அங்கேதான் பழகினான். படைகளுக்கிடையிலான போட்டியொன்றில் வென்ற கிண்ணம் வெள்ளி முலாம் போய் இப்போது அலுமாரிக்குள் பொத்தான்கள் போட்டுவைக்க உதவுகிறது. வேலையில் நிலைக்க வேண்டுமென்றால் சிங்களச் சோதினை எழுத வேண்டும் என்று வந்தபோது, தொப்பியையும் இடுப்புப் பட்டியையும் மேசையில் வைத்துவிட்டு ரயிலேறினான். சொந்த ஊரான புங்குடுதீவில் அவனுக்குப் பங்கு வந்தது ஆறு பனையும் ஒரு வேலியும். ஆகவே குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக் காணியும் எழுதிப்போட்டுப் பெற்றான்.

அவர்கள் வந்தபோது ஏழாம் வாய்க்காலில் மனிதரைவிட யானை அதிகம். பக்கத்துக் காணிக்குக் கூப்பிட்டால் கேட்காது. பொழுதுபட்டபின் கதிர்காமநாதனுக்குக் கையும் காலும் துடிக்கும். பிடித்துப் பார்க்க ஆளில்லை. களத்தில் வைக்கலைப் பரப்பி, அதன்மேல் சாக்குகளைத் தைத்து விரித்து, பெண்சாதியைக் கூப்பிட்டான். அவள் முதலில் வெட்கப்பட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு விழப் பழகினாள். முதல் நாள் அவன் கற்றுக்கொடுத்தது பிடியல்ல.

"நோகுது எண்டா கையாலை தட்டும். பாயிலையோ என்னிலையோ. தட்டினா அந்தக் கணமே நான் விடுவன். நான் தட்டினா நீர் விடவேணும். இதுதான் முதல் சட்டம். இது இல்லாட்டி ஒருத்தரும் ரெண்டாம் நாள் பழக வரமாட்டினம்."

இரண்டு வருடம் அவள் அந்தச் சாக்குப் பாயில் விழுந்தாள். நூறு தரம் தட்டினாள். ஐந்தாறு தரம் அவனும் தட்டினான். அயற்காணிகளுக்கு ஆட்கள் வந்ததும், ஊர் பார்க்க இது சரியில்லை என்று இருவருக்குமே தோன்றிப் பழகுவது நின்றுபோயிற்று. அவளுடைய இடத்துக்குத் தவராசா வந்தான். பயிற்சி முடிந்தால் குரக்கன் புட்டும் கருவாட்டுக் குழம்பும் அவனுக்கும் சேர்த்து அவள்தான் வைப்பாள். "அக்காட கைக்குத்தான் நான் வாறது, மாஸ்ரரிட்டை அடிவாங்க இல்லை" என்பான்.

போன தைப்பொங்கல் விளையாட்டு விழாவில் மாஸ்ரரும் தவராசாவும் முழுக் குடியேற்றத்துக்கும் பிடி காட்டினார்கள். கதிர்காமநாதன் ஒலிபெருக்கியில் சட்டத்தை விளக்கினான். "தட்டினவனை விடாதவன் வீரன் இல்லை, மிருகம்" என்றான். சனம் கைதட்டியது. அதன்பிறகு ஏழாம் வாய்க்கால் முழுவதும் அது பழகிப்போயிற்று. சீட்டாட்டத்தில் தோற்றவன் பலகையைத் தட்டினான். பெண்சாதியின் வாய்க்கு ஆற்றாத புருசன் கதவு நிலையைத் தட்டினான். தட்டினால் விடவேண்டும் என்பது கோயில் முறைபோல ஊர் முறையாயிற்று.

இப்போது அந்த முறையோடுதான் பயிர்ச்செய்கைக் குழுத் தலைவர் அப்புத்துரை ஞாயிற்றுக்கிழமை வந்து கதிரையில் இருந்தார். அவர் தவராசாவின் தாய்மாமன்.

"நாதன், உம்மோடை எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் தட்டினா விடவேணும் எண்டு எங்களுக்குச் சொன்னது ஆர்? நீர்தானே?"

"ஓம்."

"பெடியன் தட்டினவன். ஊர் முழுக்கத் தெரியும். தண்ணிச் சண்டையிலை கையைப் பிடிச்சுத் தடுத்தவனாம். அதுக்கு ஆயுள் முழுக்க ஒரு கையோடை திரியிறதே? முழங்கை பழையபடி நிமிராது எண்டு வைத்தியர் சொல்லிப்போட்டார்."

"தடுக்கத்தான் பிடிச்சவனெண்டு ஆர் சொன்னது?"

"அவன்தான் சொன்னவன்."

குசினிக்குள்ளிருந்து பத்மாசனி தேநீரோடு வந்தாள். மணிக்கட்டின் கன்றல் தெரியும்படியே கோப்பையை நீட்டினாள்.

"ஐயா, சட்டை கிழிஞ்சதையும் குழுப் புத்தகத்திலை எழுதுவியளோ?"

அப்புத்துரை கோப்பைக்குள்ளேயே பார்த்தார். "பிள்ளை, உதெல்லாம் வெளியிலை கதைச்சா உனக்குத்தான் கூடாது."

"எனக்குக் கூடாதது வெள்ளிக்கிழமை நடந்து முடிஞ்சுது."

அவர் கதிர்காமநாதன் பக்கம் திரும்பிக்கொண்டார். "புதன் பின்னேரம் சங்கக்கடை விறாந்தையிலை கூட்டம். 'பிழை நடந்துபோச்சு' எண்டு ஒரு வார்த்தை. எல்லாருக்கும் முன்னாலை. அவ்வளவுதான். இல்லாட்டிப் பாரும், விசாரணை முடியுமட்டும் உங்கட மடை பூட்டு. நான் செய்யிறதில்லை, குழு செய்யும்."

"குடலைப் பயிர், ஐயா."

"தெரியும். நானும் வயல் செய்யிறவன்தானே."

அவர் குடையை விரித்துக்கொண்டு போன பிறகு கதிர்காமநாதன் முற்றத்தை இரண்டு தரம் நடந்தான். வயல் பக்கம் பார்த்தான். மூன்று ஏக்கர் பச்சை. உழவு மாட்டுக்காரனும் நாற்று நட்ட பெண்களும் அவர்கள் இருவரும் நாலு மாதம் முதுகு முறிய விளைவித்தது.

"ஒரு வார்த்தைதானே, இஞ்சேரும்."

"ஒரு சோதினைதானே எண்டு நீங்கள் எழுதியிருக்கலாம். இண்டைக்குச் சார்ஜன்ட் ஆகியிருப்பியள்."

 அவன் அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்க்காமலே நடமாடினான்.

*

செவ்வாய்க்கிழமைகளில் முல்லைத்தீவிலிருந்து கருவாட்டுக் கடகத்தோடு அருளம்மா வருவாள். முதல் பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாக நடந்து விற்று, பின்னேர பஸ்ஸில் போவாள். பத்மாசனி வீட்டு வேம்பின் கீழ்தான் கடகத்தை இறக்கி வெற்றிலை போடுவது.

"மாதாவே, இந்தக் கையோ?" என்று பத்மாசனியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒட்டுசுட்டானிலை பஸ் நிண்டது. அங்கையும் இந்தக் கதைதான். நீ ஆறடி உயரமாம். மலாயாவிலை பிறந்தனியாம்."

"வேறை என்ன சொல்லீனம்?"

"ரெண்டு கட்சி. ஒரு கட்சி நல்லது செய்தாய் எண்டுது. மற்றக் கட்சி, அவன் தட்டினவன், விட்டிருக்க வேணும் எண்டுது. அதென்னடி அந்தத் தட்டு? எனக்கு விளங்கேல்லை."

பத்மாசனி விளக்கினாள். அருளம்மா வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"எங்கட வள்ளத்துக்கை விழுற மீன் எல்லாம் தட்டும். வாலாலை பலகையிலை படபடவெண்டு தட்டும். தட்டுது எண்டு ஆர் தூக்கிக் கடலிலை விடுறது? அப்பிடி விட்டா நான் இந்தக் கடகத்துக்கை எதைக் கொண்டந்து விக்கிறது?"

நாலு நாளுக்குப் பிறகு பத்மாசனி முதன்முதலாகச் சிரித்தாள். சிரித்தபோது கொண்டை இழுபட்ட இடம் வலித்தது.

"ஆனா அக்கா, மனுசன் மீன் இல்லையே. இவர் சொல்லுற சட்டம் நல்ல சட்டம். இவர் பிடிச்சா நான் பயமில்லாமல் விழுவன், தட்டினா விடுவார் எண்டு தெரியும். அதாலைதான் முதல்தரம் விட்டனான்."

"அப்ப நாளைக்கு மன்னிப்புக் கேக்கப்போறியோ?"

"இல்லை."

"தண்ணியை மறிச்சா?"

"மறிக்கட்டும். நெல்லு சப்பியாப் போனா அடுத்த போகம் விதைக்கலாம். உந்த வார்த்தையைச் சொல்லிப்போட்டு நான் எந்த முகத்தோடை அந்த வாய்க்கால் கரையிலை நடக்கிறது? நாளைக்கு அவன் இன்னொருத்திட கையைப் பிடிப்பான். பிடிச்சுப்போட்டுத் தட்டுவான்."

அருளம்மா எழும்பிக் கடகத்தைத் தலையில் ஏற்றினாள். போகும்போது இரண்டு பாரைக் கருவாட்டை எடுத்து மண்சட்டியில் போட்டாள்.

"இதுக்கு விலை இல்லை. கைக்கு."

*

கூட்டுறவுச் சங்கக்கடை விறாந்தையில் புதன் பின்னேரம் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஆண்கள் வாங்குகளிலும் மூட்டைகளிலும் இருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் கூப்பன் அரிசிக்கு வந்தவர்கள்போல மண்ணெண்ணெய்ப் பீப்பாவின் பக்கம் நின்றார்கள். தவராசா நடுவில் ஒரு கதிரையில் இருந்தான். மூங்கில் சிம்பு வைத்து, உழுத்தம்மாப் பத்துப் போட்டுக் கட்டிய இடக்கை கழுத்தில் தொங்கியது. நோவெண்ணெய் மணம் விறாந்தை முழுக்க அடித்தது. அவன் முகம் இளைத்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சனத்துக்கு மனம் இளகியது.

அப்புத்துரை நல்ல தமிழில் தொடங்கினார். பிறகு தவராசாவைச் சொல்லச் சொன்னார்.

"நான் என்ர மடையைப் பாக்கப் போனனான். அக்கா மண்வெட்டியோடை வந்து ஏசினவா. வெட்டிப்போடுவா எண்டு பயத்திலை கையைப் பிடிச்சன். உடனை அவா பிடி போட்டவா. நான் திருப்பி ஒண்டும் செய்யேல்லை. மாஸ்ரர் படிப்பிச்ச முறைப்படி தட்டினன். அவா விடேல்லை."

"பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?"

பத்மாசனி பெண்கள் பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். நிலத்தைப் பார்க்கவில்லை.

"தட்டினவர். நான் விடேல்லை. அது உண்மை."

விறாந்தை சலசலத்தது. "ஒத்துக்கொண்டிட்டா, பிறகென்ன" என்றது ஒரு குரல். கதிர்காமநாதன் மூலையில் ஒரு சீனி மூட்டையில் தலைகுனிந்து இருந்தான்.

"அவரிட்டை ஒண்டு கேக்கவேணும்" என்றாள் அவள்.

"கேள்."

"தவராசா, எந்தக் கையாலை தட்டினனீர்?"

தவராசா சுற்றிவரப் பார்த்தான். எல்லா முகமும் அவன் பக்கம்தான் இருந்தது. அந்த இளக்கத்தை இன்னும் கொஞ்சம் கறந்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"எந்தக் கையாலையோ? ரெண்டு கையாலையும் தட்டினன்! முதல் இடக்கையாலை சேத்திலை தட்டினன். பேந்து வலக்கையாலை தட்டினன். கல்லெண்டாலும் இரங்கும். இந்த மனுசி இரங்கேல்லை."

"த்சொ த்சொ" என்றார்கள் சிலர்.

"இடக்கைதானே இப்ப முறிஞ்சு கிடக்கு?" என்றாள் பத்மாசனி.

"வேறை எது? கண் தெரியேல்லையோ?"

அவள் புருசன் இருந்த மூலைக்குத் திரும்பினாள்.  அந்த விறாந்தையில் இதன் கணக்குத் தெரிந்த மனிதன் அவன் ஒருவன்தான். அவன் வாய் திறக்காவிட்டால் தானே சொல்லிவிட்டு, இனி அந்த வீட்டில் எப்படி இருப்பது என்பதை அதற்குப் பிறகு யோசிப்பது என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

கதிர்காமநாதன் தலையை நிமிர்த்தினான். மெதுவாக எழும்பினான்.

"பிடிபட்ட கையாலை ஒருத்தரும் தட்டேலாது" என்றான்.

"என்ன நாதன்?"

"ஐயா, நான் உங்கட வலக்கையைப் பிடிச்சு முறுக்கினா எந்தக் கையாலை தட்டுவியள்?"

அப்புத்துரை யோசித்தார். "இடக்கையாலை."

"இவன் இடக்கையாலை தட்டினவனாம். தானே சொல்லுறான். அப்ப பிடிபட்டிருந்தது வலக்கை. அந்த வலக்கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஏன் இல்லை? தட்டின உடனை அவள் விட்டிட்டாள். முழுசா விட்டிட்டாள். இவன் அப்பிடியே வீட்டை போயிருக்கலாம். அப்ப இந்த இடக்கை எப்பிடி அவளிட்டை அகப்பட்டுது? விட்டவளிட்டைத் திரும்பிப் போனது ஆர்?"

 சங்கக்கடை மனேச்சர் தராசுத் தட்டில் வைத்த கையை எடுக்க மறந்திருந்தார். பீப்பாப் பக்கம் நின்ற நாகேஸ்வரி என்ற பெண், தவராசாவின் பக்கத்துக் காணிக்காரி, எல்லாருக்கும் கேட்கும்படியே, "வழி தெரியாமல் போகேல்லை, பொம்பிளையள் தனிய நிக்கிற இடத்துக்கு வழக்கமாப் போறதுதான்" என்றாள்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு இல்லை.

"மாஸ்ரர், நீங்களே இப்பிடி..." என்றான் தவராசா.

"மாஸ்ரர் எண்டு கூப்பிடாதை. தட்டுறது ஆருக்கு? ரெண்டு பேர் ஒத்துக்கொண்டு பாயிலை ஏறினா, ஏறினவைக்கு. அவள் ஒத்துக்கொண்டு ஏறினவளே? நான் தந்த சட்டத்தை நீ பொறியா வைச்சாய். ஒருக்காத் தட்டி அவளை ஏமாத்தினாய். ரெண்டாந் தரம் தட்டேக்கை அவள் என்னத்தை நம்பிறது?"

அப்புத்துரை மேசையில் விரலால் தட்டினார். தட்டிவிட்டு, தான் தட்டியதைக் கண்டு சட்டென்று நிறுத்தினார்.

"சரி, சரி. ரெண்டு பக்கத்திலையும் பிழை நடந்திருக்கு. தவராசா செய்தது பிழை. அதைக் கண்டிக்கிறம். ஆனாலும் ஒரு இளந்தாரிட கை போயிட்டுது. பிள்ளை, பிழை எண்டு சொல்லவேண்டாம். கவலை எண்டு ஒரு வார்த்தை சொன்னா எழுதி முடிச்சிடலாம்."

முப்பது பேரும் பார்த்தார்கள். அது சின்ன வார்த்தைதான். தண்ணீரின் விலை அது.

"எனக்குக் கவலை இல்லை, ஐயா" என்றாள் பத்மாசனி. "அப்பிடியே எழுதுங்கோ."

புத்தகம் மூடப்பட்டது. குழுவின் முடிவு பின்னர் அறிவிக்கப்படும் என்றார் அப்புத்துரை.

*

வாய்க்கால் கரைக் கட்டின்மேல் அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அவள் இரண்டடி முன்னால் நடந்தாள். மருத மரங்களில் கொக்குகள் வந்து அடையத் தொடங்கியிருந்தன.

"அண்டைக்கு ஒரு வசனத்தைப் பாதியிலை விட்டனான்" என்றான் அவன்.

"தெரியும்."

"முழுக்கச் சொல்லியிருந்தா நீர் என்னை மன்னிச்சிருக்கமாட்டீர்."

"இப்பவும் முழுக்க மன்னிக்கேல்லை."

அவன் சைக்கிளை ஒரு பள்ளத்தைக் கடத்தி உருட்டினான்.

"நான் யோசிச்சுப் பாத்தன். நீர் செய்த பிழை ஒண்டுதான். முதல்தரம் தட்டேக்கை விட்டது."

"ஓம். அது நீங்கள் பழக்கினது." அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "ரெண்டாவது நானாப் பழகினது."

வியாழக்கிழமை முழுவதும் குழுவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கானிவேல்காரர்தான் ஆள் அனுப்பினார்கள். இரண்டாவது ஆளுக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். வந்தவன் பத்மாசனியைப் பார்த்துப் பகிடியாக, "அக்காவையே ஏத்தலாம், சனம் குவியும்" என்றான்.

"எனக்கு மேடையிலை வேலை இல்லை" என்றாள் அவள். "இவர் தனிய வருவார். நல்லாப் பிடிப்பார்."

வெள்ளிக்கிழமை விடியலில் அவள் மண்வெட்டியை எடுத்தபோது கதிர்காமநாதனும் எழும்பினான்.

"நான் வரட்டோ?"

"வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு உடம்பை வைச்சிருங்கோ." படலையில் நின்று திரும்பினாள். "அங்கை எதிராளி தட்டினா விடுங்கோ. அது விளையாட்டு."

பனி இன்னும் நெல்லின் மேல் இருந்தது. கதிர்கள் உறைக்குள் புடைத்து நின்றன. கால் பட்ட இடமெல்லாம் மண் வெடித்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் அரையடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய மடையின்மேல் யாரோ புதிதாகச் சேறு அணைத்திருந்தார்கள். மடைக்குப் பக்கத்தில் கரைக் கட்டின்மேல் அப்புத்துரை நின்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"பிள்ளை, குழு இன்னும் முடிவு எடுக்கேல்லை."

அவள் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள்.

"பொறு. முடிவு வருமட்டும்..."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, ஐயா."

மண்வெட்டியால் சேற்றை இரண்டு வெட்டில் வழித்தெறிந்தாள். பலகை ஊறி இறுகியிருந்தது. இரு கையாலும் பிடித்து, காலைக் கட்டின்மேல் ஊன்றி, உடம்பைப் பின்னே சாய்த்து இழுத்தாள். அது முறியும் மரத்தின் சத்தத்தோடு கிளம்பி வந்தது. தண்ணீர் ஒருகணம் யோசித்ததுபோல் நின்று, பிறகு வயலுக்குள் பாய்ந்தது. வெடிப்புகள் அதை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"கேளாமல் திறக்கிறாய்" என்றார் அப்புத்துரை.

பத்மாசனி பலகையைக் கட்டின்மேல் வைத்தாள். மண்வெட்டியைக் கீழே போட்டாள். வெறுங்கையோடு ஏறி வந்து அவருக்கு எதிரில் நின்றாள். சேறு முழங்கைவரை வழிந்தது.

"என்ர முறைக்கு நான் ஆரிட்டைக் கேக்கிறது? மறிக்கிறதெண்டா மறியுங்கோ. நான் இஞ்சைதான் மத்தியானம்வரை நிப்பன்."

அவர் தண்ணீரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அவளுடைய கைகளைப் பார்த்தார்.  குழுத் தலைவர் அப்புத்துரை, தம்மை அறியாமலே, குடையோடு சேர்த்துத் தம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.